ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா? பார்மட் செய்யும் முன் ஒரு நிமிடம்!

உங்கள் வீட்டிலோ கடையிலோ இருபது வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் ஒன்று இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறதா? திடீரென்று ஒரு நாள், "ஹார்ட் டிஸ்க் போச்சு சார், பார்மட் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், தலையாட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் மாமா கும்பகோணத்தில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ் என்று எல்லா வேலையும் ஒரே கம்ப்யூட்டரில்தான். 2001-ல் வாங்கியது. பென்டியம் 3 பிராசசர், 20 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன். இதை ஏன் இன்னும் கட்டி அழ வேண்டும் என்று கேட்காதீர்கள். இருபது வருடப் பத்திரிகைகள் அனைத்தும் பேஜ்மேக்கரில் இருக்கின்றன. அதன் கடைசிப் பெரிய பதிப்பான 7.0 வந்ததே 2001-ல்தான். எழுத்துருக்களும் யூனிகோட் பரவலாவதற்கு முந்தையவை. அவற்றைப் புதிய கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவது தனிக் கதை; அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.

2023 ஆகஸ்ட்டில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மாமாவிடம் இருந்து போன். "மாப்ளே, கம்ப்யூட்டர் படுத்துருச்சுடா. மெக்கானிக் தம்பி பார்மட் பண்ணணும்ங்கிறாரு. பண்ணச் சொல்லவா?"

"தொடாதீங்க மாமா. பவரை ஆப் பண்ணிட்டு அப்படியே வைங்க. நான் வரேன்."

அந்த டிஸ்க்கில் ஒரு கோயில் கும்பாபிஷேக மலர் இருந்தது. 96 பக்கம். புரூப் எல்லாம் திருத்தி முடித்து, ஐந்து நாளில் அச்சுக்கு ஏற வேண்டியது. அதற்கு இன்னொரு பிரதி கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிரதியை எடுக்கத்தான் மாமா முயன்றிருக்கிறார். பக்கத்துத் தெருவில் மூடிய ஒரு டி.டி.பி. சென்டரில் இருந்து 80 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, இரண்டாவது டிஸ்க்காகப் பொருத்தச் சொல்லியிருக்கிறார். பொருத்தியவுடன் இரண்டு டிஸ்க்குமே தெரியவில்லை. பயந்துபோய்ப் புது டிஸ்க்கைக் கழற்றிய பிறகு, பழைய டிஸ்க்கும் பூட் ஆகவில்லை. திரையில் "மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்று வந்திருக்கிறது. விண்டோஸ் அழிந்துவிட்டது, பார்மட் செய்து புதிதாக ஏற்ற வேண்டும் என்று மெக்கானிக் முடிவு கட்டிவிட்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அந்தச் செய்தியைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பஸ்ஸில் போகும்போது பழைய கையேடுகளை போனில் இறக்கிப் படித்துக்கொண்டே போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பொறியியல் படித்தவன், சாப்ட்வேர் எழுதுபவன். ஹார்ட் டிஸ்க் பற்றிக் கல்லூரியில் படித்தது சீக் டைம், ரொட்டேஷனல் லேட்டன்சி என்று பரீட்சைக்குக் கணக்குப் போடும் அளவுக்குத்தான். ஜம்பரை அதுவரை கையால் தொட்டதில்லை.

முதலில் காதால் கேளுங்கள்

காலையில் போனவுடன் பழைய டிஸ்க்கை மட்டும் இணைத்துப் பவரைப் போட்டேன். சீராகச் சுழலும் சத்தம் கேட்டது. டிஸ்க் "டக், டக்" என்று ஒரே தாளத்தில் தட்டினாலோ, சுழலவே இல்லை என்றாலோ, அது உண்மையிலேயே பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது உடனே ஆப் செய்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளே இருக்கும் தகவல் மேலும் சேதமாகலாம். தேவையான தகவல் என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுப்பதுதான் வழி. சத்தம் சரியாக இருந்தால், பிரச்னை டிஸ்க்கில் இல்லாமல் அதன் அமைப்பில் இருக்கலாம் என்று நம்பிக்கையோடு தொடரலாம்.

அடுத்தது பயாஸ். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலிட் கீயைத் தட்டி உள்ளே போனேன். முதலில் கண்ணில் பட்டது தேதி: 2000, ஜனவரி. அங்கேயே பாதி விஷயம் புரிந்துவிட்டது.

பயாஸ் செட்டிங்குகளையும் கடிகாரத்தையும் காப்பாற்றுவது மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. அது தீர்ந்துபோனாலும் பல காலம் நமக்குத் தெரியாது. ஏனென்றால் ஏ.டி.எக்ஸ். வகை பவர் சப்ளை, கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்த பிறகும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டேண்ட்பை மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். மாமா கடையில் யு.பி.எஸ்.ஸை யாரும் அணைப்பதில்லை. அதனால் செத்த பேட்டரியோடு அது எத்தனை வருடம் ஓடியதோ! புது டிஸ்க்கைப் பொருத்துவதற்காக, முறைப்படி, பவர் கார்டைக் கழற்றியிருக்கிறார்கள். அந்த நிமிடமே எல்லா செட்டிங்கும் போய்விட்டது. (கார்டைக் கழற்றியது சரிதான். கேபினட்டைத் திறக்கும்போது நீங்களும் கழற்றத்தான் வேண்டும். உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் மின்சாரம் இறங்கிவிடும்.)

செட்டிங் போனால் பயாஸ் தானாகவே டிஸ்க்கைக் கண்டுபிடிக்க வேண்டியதுதானே? டிபால்ட்டாக "ஆட்டோ" என்று இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கும். ஆனால் பிரைமரி மாஸ்டர் என்ற இடத்தில் "மேனுவல்" என்று இருந்தது. பக்கத்தில் 16383 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார். அளவு 8.4 ஜி.பி. என்று காட்டியது. 20 ஜி.பி. டிஸ்க் எப்படி 8.4 ஆனது?

முந்தைய இரவு பல கைகள் அந்த கீபோர்டைத் தட்டியிருந்தன. அதில் யாரோ, டிஸ்க்கின் லேபிளில் அச்சிட்டிருந்த எண்களைப் பார்த்து நல்லெண்ணத்தோடு அப்படியே டைப் செய்திருக்கிறார். இங்கேதான் வினை. 8.4 ஜி.பி.க்கு மேற்பட்ட எல்லா ஐ.டி.இ. டிஸ்க்கும், அது 20 ஆனாலும் 80 ஆனாலும், இதே 16383, 16, 63 என்ற எண்களைத்தான் சொல்லும். பெருக்கிப் பாருங்கள்: 16383 × 16 × 63 × 512 பைட் என்றால் சுமார் 8.4 ஜி.பி. "நான் இந்த அளவைத் தாண்டியவன், என்னைப் பழைய முறையில் அளக்காதே" என்று டிஸ்க் சொல்லும் குறிப்பு அது. உண்மையான அளவு வேண்டுமென்றால் எல்.பி.ஏ. முறையில் கேட்க வேண்டும்.

இரண்டு முறைக்கும் என்ன வித்தியாசம்? பழைய முறையில் ஒவ்வொரு தகவலுக்கும் தெரு, வீடு, மாடி என்பது போல மூன்று எண்களில் முகவரி. எல்.பி.ஏ.யில் சர்வே நம்பர் மாதிரி 0-வில் இருந்து வரிசையாக ஒரே எண். எல்.பி.ஏ. முறையில் எழுதிய டிஸ்க்கை வேறு முறையில் படிக்கச் சொன்னால், பயாஸ் தப்பான தெருவில் போய்க் கதவைத் தட்டும். அங்கே விண்டோஸ் இருக்காது. "மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்ற செய்தி பிறந்தது இப்படித்தான். தகவல் எல்லாம் அதனதன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது. தேடும் கணக்குதான் தப்பு.

இந்த நிலையில் பார்மட், எப்டிஸ்க், ஸ்கேன்டிஸ்க் எதையும் ஏன் தொடக் கூடாது என்பது இப்போது புரிந்திருக்கும். கணக்கு தப்பாக இருக்கும்போது எழுதப்படும் எதுவும் தப்பான இடத்தில் போய் விழும். அதுவரை செட்டிங்கை மாற்றினாலே சரியாகிவிடக் கூடிய பிரச்னை, எழுதிய நொடியில் நிஜமான இழப்பாக மாறிவிடும். ஸ்கேன்டிஸ்க் இன்னும் ஆபத்து. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, நல்ல பைல்களையும் துண்டு துண்டாக்கிச் "சரிசெய்து" வைக்கும்.

புதிய பேட்டரி போட்டேன். வாட்ச் கடையிலேயே கிடைத்தது. பிரைமரி மாஸ்டரை "ஆட்டோ" என்றும், ஆக்சஸ் மோடை "எல்.பி.ஏ." என்றும் மாற்றி, சேவ் செய்து வெளியே வந்தேன். இப்போது அளவு 20 ஜி.பி. என்று காட்டியது. ஆனாலும் உடனே விண்டோஸுக்குள் போக எனக்கு மனசு வரவில்லை. விண்டோஸ் 98 ஆன் ஆகும்போதே டிஸ்க்கில் ஏதேதோ எழுதும். மாமாவிடம் பழைய ஸ்டார்ட்அப் பிளாப்பி ஒன்று இருந்தது. அதில் பூட் செய்து, டி டிரைவுக்கு "டிர்" கட்டளை கொடுத்தேன். இது வெறும் பட்டியலைப் படிக்கும், எதையும் எழுதாது.

பட்டியல் ஓட ஆரம்பித்தது. டாஸ் என்பதால் பெயர்கள் எட்டு எழுத்தில் வெட்டுப்பட்டு, பின்னால் நெளிகோடும் 1-ம் ஒட்டிக்கொண்டு வந்தன. மாமா ஸ்க்ரீனுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அரைப் பெயரையும் முழுப் பெயராகப் படித்துக்கொண்டிருந்தார். கும்பாபிஷேக மலர் வந்ததும், "இருக்குடா!" என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டு டிஸ்க்கும் ஏன் சண்டை போட்டன?

அதற்கு இரண்டாவது டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஐ.டி.இ. முறையில் ஒரு கேபிளில் இரண்டு டிரைவ்கள் இணையும். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். யார் யார் என்பதை டிரைவின் பின்பக்கம், டேட்டா கேபிளுக்கும் பவர் கேபிளுக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பின்களில் செருகும் ஜம்பர்தான் முடிவு செய்கிறது. இரண்டு பேரும் தானே மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டால், பயாஸ் கூப்பிடும்போது இருவரும் ஒரே சமயத்தில் பதில் சொல்லுவார்கள். பயாஸுக்கு ஒன்றுமே புரியாது.

மெக்கானிக் தம்பி இதை அறிந்தவர்தான். "ஸ்லேவுக்கு ஜம்பரை எடுத்துடணும்" என்று புது டிஸ்க்கின் ஜம்பரைக் கழற்றியிருந்தார். அவர் கற்றது சீகேட் டிஸ்க்குகளில். அந்தக் காலத்து சீகேட் பாரகுடா டிஸ்க்குகளில் ஜம்பர் இல்லை என்றால் ஸ்லேவ். அந்த விதி சரி. ஆனால் மாமா வாங்கியது வெஸ்டர்ன் டிஜிட்டல். அதில் ஜம்பர் இல்லை என்றால் "சிங்கிள்", அதாவது "இந்தக் கேபிளில் நான் மட்டும்தான்" என்று பொருள். துணைக்கு ஒரு டிஸ்க் இருந்தால் மாஸ்டருக்கு ஓர் இடத்திலும், ஸ்லேவுக்கு வேறோர் இடத்திலும் ஜம்பர் செருக வேண்டும். ஒரே செயலுக்கு இரண்டு கம்பெனியில் இரண்டு அர்த்தம். ஆகவே ஜம்பர் விஷயத்தில் ஞாபகத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் லேபிளிலும் படம் போட்டிருக்கும். அதைப் பார்த்துச் செருகுங்கள். டார்ச் வெளிச்சத்தில் போனில் ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் நல்லது.

கழற்றிய ஜம்பர் எங்கோ தொலைந்திருந்தது. செத்துப்போன பழைய சி.டி. டிரைவ் ஒன்றில் இருந்து பிடுங்கிப் போட்டோம்.

கேபிளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மெல்லிய 80 கம்பிகள் கொண்ட கேபிள் என்றால் அதன் மூன்று முனைகளும் வெவ்வேறு நிறம். நீலம் மதர்போர்டுக்கு, கறுப்புக் கடைசி முனை மாஸ்டருக்கு, நடுவில் இருக்கும் சாம்பல் ஸ்லேவுக்கு. ஜம்பரைக் "கேபிள் செலக்ட்" என்ற இடத்தில் வைத்தால் இந்த இடத்தை வைத்துத்தான் மாஸ்டர், ஸ்லேவ் தீர்மானமாகும். ஆனால் ஒரு டிஸ்க்கைக் கேபிள் செலக்ட்டிலும் மற்றதை மாஸ்டரிலும் கலந்து வைக்காதீர்கள். ஓரத்துச் சிவப்புக் கோடு 1-ம் நம்பர் பின்னின் பக்கம் வர வேண்டும்.

ஜம்பர் சரியானதும் இரண்டு டிஸ்க்கும் பயாஸில் வந்தன, விண்டோஸும் வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். மாமா மலரைத் திறந்ததும் மறுபடி அலறல். "படமெல்லாம் காணோம் மாப்ளே!"

பேஜ்மேக்கர், படங்கள் டி டிரைவில் இருப்பதாகக் குறித்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த டி இப்போது இ ஆகிவிட்டது. விண்டோஸ் 98-ம் டாஸும் எழுத்துகளைக் கொடுக்கும் வரிசை இது: முதலில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் உள்ள பிரைமரி பார்ட்டிஷன்கள், பிறகுதான் லாஜிக்கல் டிரைவ்கள். புது டிஸ்க்கில் ஒரு பிரைமரி பார்ட்டிஷன் இருந்ததால் அது வந்து டி-யில் உட்கார்ந்துகொண்டது. பழைய டி நகர்ந்து இ ஆயிற்று. எக்ஸ்பியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. அது எழுத்துகளை ரெஜிஸ்ட்ரியில் ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

அச்சுக்கு நாள் நெருங்கியதால் அன்று புது டிஸ்க்கைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். டி மறுபடி டி ஆனது, படங்கள் வந்தன, மலரும் குறித்த நாளில் அச்சுக்குப் போனது.

பாக்கி வேலையை முடிக்க அடுத்த மாதம் மறுபடி போனேன். இந்த முறை கையில் யு.எஸ்.பி. - ஐ.டி.இ. அடாப்டர் ஒன்று இருந்தது. பழைய டிஸ்க்கை இதில் மாட்டினால் உங்கள் லேப்டாப்பில் பென் டிரைவ் மாதிரி வரும். டிஸ்க்குக்குத் தனியாகப் பவர் வேண்டும் என்பதால் அடாப்டருடனேயே ஒரு சின்ன பவர் சப்ளையும் தருகிறார்கள். ஜம்பர் மாஸ்டரில் இருக்கட்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் என்றால் சிங்கிள். விண்டோஸ் 98-ன் பேட்32 பார்ட்டிஷனை இன்றைய விண்டோஸ் 11-ம் படிக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. "இந்த டிஸ்க் பார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்டால், கேன்சல். எப்போதும் கேன்சல்தான். முதலில் எல்லாவற்றையும் என் லேப்டாப்பிலும், மாமாவுக்கு வாங்கிய எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் காப்பி செய்துவிட்டு, அதன்பிறகுதான் பார்ட்டிஷன் வேலையில் கை வைத்தேன்.

எழுத்து மாறாமல் இருக்க வழி எளிது. இரண்டாவது டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷனே வைக்காமல், எக்ஸ்டென்டட் பார்ட்டிஷனை மட்டும் உருவாக்கி, அதற்குள் லாஜிக்கல் டிரைவ் அமைத்தால் போதும். அது வரிசையில் கடைசியாகப் போய் நிற்கும். ஆனால் இதைச் செய்யும் எப்டிஸ்க்கில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. விண்டோஸ் 98-ஓடு வந்த எப்டிஸ்க்குக்கு 64 ஜி.பி.க்கு மேல் எண்ணத் தெரியாது. மொத்த அளவில் 64-ஐக் கழித்துவிட்டு மீதியைக் காட்டும். எனவே 80 ஜி.பி. டிஸ்க் அதில் 11 ஜி.பி.க்கும் குறைவாகத் தெரியும். (80 என்று விற்கப்படுவது கம்ப்யூட்டர் கணக்கில் 74.5 ஜி.பி.தான் என்பதால், கழித்த பின் 16 வராமல் 10.5 வருகிறது.) பழைய 20 ஜி.பி. டிஸ்க்கோ 19 என்று நிற்கும். "பெரிசாத் தெரியறதுதான் புது டிஸ்க்" என்று நினைத்து நீங்கள் அழிக்கப் போவது இருபது வருடத் தகவல் உள்ள டிஸ்க்காக இருக்கும்!

இதைச் சரிசெய்து மைக்ரோசாப்ட் பின்னர் ஒரு திருத்திய எப்டிஸ்க்கை வெளியிட்டது. அதைத்தான் பிளாப்பியில் எடுத்துப் போயிருந்தேன். அதைவிட முக்கியமாக, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, புது டிஸ்க்கை மட்டும் இணைத்து வேலை செய்தேன். இல்லாத டிஸ்க்கை யாராலும் தவறுதலாக அழிக்க முடியாது. முடிந்ததும் இரண்டையும் இணைத்தேன். பழைய டி, டி-யாகவே இருந்தது. புதியது இ ஆனது.

எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. பழைய கம்ப்யூட்டரில் 160 ஜி.பி. போன்ற பெரிய டிஸ்க்கைப் பொருத்தினால் 137 ஜி.பி. எல்லையைக் கவனியுங்கள். எல்.பி.ஏ. எண் 28 பிட்டில் இருந்த காலத்து எல்லை அது. எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 1 அல்லது அதற்குப் பிந்தையது இருக்க வேண்டும், பயாஸும் 48 பிட் முறையை அறிந்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லையைத் தாண்டி எழுதும்போது டிஸ்க்கின் ஆரம்பத்தில் இருக்கும் தகவல் அழியலாம். சாட்டா டிஸ்க்கில் மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பர் தொல்லை இல்லை. ஆனால் பயாஸ் பேட்டரி தீர்ந்து, சாட்டா மோடு "ஐ.டி.இ."யில் இருந்து "ஏ.எச்.சி.ஐ."க்கு மாறிவிட்டால், எக்ஸ்பி 7பி என்று முடியும் எண்ணோடு நீலத் திரை காட்டும். அதையும் "டிஸ்க் போச்சு" என்பார்கள். மோடைப் பழையபடி மாற்றிப் பாருங்கள்.

கிளம்பும் முன் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்: எந்த டிஸ்க்கில் ஜம்பர் எங்கே, பயாஸில் ஆட்டோ, எல்.பி.ஏ., பேட்டரி மாற்றிய தேதி. போன தீபாவளிக்குப் போனபோது கேபினட்டைத் திறந்து பார்த்தேன். மாமா அதை பேஜ்மேக்கரில் டைப் செய்து, லேமினேட் போட்டு உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். சுற்றிலும் கல்யாணப் பத்திரிகை பார்டர், மேலே பிள்ளையார் சுழி.